சட்டென்று நிற்கும் நாதம்

ஆர்ச்டாப் கிட்டார் என்றவுடன் பேச்சு விலையில்தான் போய் நிற்கும். கிப்சன் எல்-5 ஒன்றை வாங்க ஆயிரக்கணக்கான அமெரிக்க டொலர் வேண்டும். நியூயோர்க்கில் ஜோன் டி'ஏஞ்சலிகோ 1964இல் இறக்கும்வரை தன் சின்னப் பட்டறையில் கையால் செதுக்கியவை எல்லாம் சேகரிப்பாளர்களின் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் போய்விட்டன. இதையெல்லாம் கேட்டுக் கேட்டே ஆர்ச்டாப் நமக்கானதல்ல என்று ஒதுங்கிப்போன கிட்டார்க்காரர்கள் பலபேரை ஸ்காபரோவிலேயே எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் வீட்டு வரவேற்பறையில், கைக்கெட்டும் தூரத்தில், எண்ணூறு கனடிய டொலருக்கு வாங்கிய பாவித்த கிட்டார் ஒன்று நிற்கிறது. கோடின் நிறுவனத்தின் ஃபிஃப்த் அவென்யூ கிங்பின். இவ்வளவு காலம் வாசித்த கிட்டார்களில் எனக்கு ஆகப் பிடித்தது எது என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் காட்டுவேன்.

ஆர்ச்டாப் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கிட்டாரின் முகப்பலகை தட்டையானது. நடுவில் ஒரு வட்டத் துளை. கம்பிகளைப் பிடித்துக்கொள்ளும் பிரிட்ஜ் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். ஆர்ச்டாப்பில் முகப்பலகையும் முதுகுப்பலகையும் வயலினுக்கு உள்ளதுபோல வெளிநோக்கி வளைந்திருக்கும். வட்டத் துளைக்குப் பதில் இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளைகள். பிரிட்ஜ் எதனோடும் ஒட்டப்படாமல், கம்பிகளின் அழுத்தத்தில் மட்டும் பலகைமேல் நிற்கும். கம்பிகள் அதைத் தாண்டிப்போய், கிட்டாரின் அடிமுனையில் திருகிய உலோகத் தாங்கியில் முடியும். மிச்சிகனில் கலமசூ என்ற ஊரில் ஓர்வில் கிப்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே வளைந்த பலகைகளைச் செதுக்கத் தொடங்கிவிட்டார். அந்த வளைவோடு எஃப் துளைகளையும் சேர்த்து, லொயிட் லோர் 1922இல் எல்-5 என்ற வடிவத்தைக் கொடுத்தார். இன்றுவரை வந்த எல்லா ஆர்ச்டாப்புக்கும் தாய் அதுதான்.

விலை ஏறுவது செதுக்கும் வேலையால். தடித்த ஸ்புரூஸ் பலகைகள் இரண்டை நடுவில் ஒட்டி, வெளியேயும் உள்ளேயும் குடைந்து, நடுவில் சற்றுத் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லிதாகவும் கொண்டுவர வேண்டும். குடைந்த மரத்தில் பெரும்பகுதி சீவலாகக் குப்பைக்குப் போகும். மலிவான ஆர்ச்டாப்பில் இந்த வேலை இல்லை. மெல்லிய மரத்தகடுகளைப் பசையிட்டு அடுக்கி, அச்சில் வைத்து அழுத்தி வளைத்துவிடுவார்கள். சுருக்கமாகச் சொன்னால் பிளைவுட்.

இந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களுக்கு நான் சொல்வது 1949ஆம் ஆண்டின் கதை. அந்த ஆண்டு கிப்சன் நிறுவனமே இஎஸ்-175 என்ற கிட்டாரை வெளியிட்டது. பெயரில் உள்ள எண் அதன் விலை, 175 டொலர். செதுக்கிய பலகை கிடையாது, அழுத்திய பிளைவுட்தான். செலவைக் குறைக்க அது ஒரு வழி. அதோடு இன்னொரு லாபமும் இருந்தது. செதுக்கிய பலகை ஆம்பின் சத்தத்துக்கு எளிதில் அதிர்ந்து ஊளையிடத் தொடங்கிவிடும். பிளைவுட் விறைப்பானது, அவ்வளவு லேசில் மசியாது. ஜோ பாஸ், ஹெர்ப் எல்லிஸ், ஜிம் ஹால், பின்னால் பட் மெத்தீனி என்று ஒருவர் பின் ஒருவராக அந்தக் கிட்டாரைக் கையில் எடுத்தார்கள். ஜாஸ் கிட்டார் என்றதும் நம் காதுக்குள் கேட்கும் அந்த இருண்ட, உருண்டையான ஒலி பெரும்பாலும் பிளைவுட்டின் ஒலி. மலிவான ஆர்ச்டாப் விலை உயர்ந்ததன் நகல் என்ற எண்ணத்தையே நான் ஏற்கமாட்டேன். அது தனி வாத்தியம், அதற்கென்று சொந்தமான பரம்பரை இருக்கிறது.

என் கிங்பின் அந்தப் பரம்பரையின் கனடியக் கிளை. கியூபெக் மாகாணத்தின் லா பத்ரி என்ற சிற்றூரில் 1972இல் றொபேர் கோடின் கிட்டார் செய்யத் தொடங்கினார். ஃபிஃப்த் அவென்யூவின் முகம், முதுகு, விலா மூன்றும் கனடாவின் காட்டுச் செர்ரி மரத்தகடுகள். கழுத்து மேப்பிள். கழுத்துப் பக்கம் பி-90 என்ற ஒற்றைச் சுருள் பிக்கப் ஒன்று. சத்தத்துக்கு ஒரு குமிழ், டோனுக்கு ஒரு குமிழ். அவ்வளவுதான். வெட்டு வைத்த தோள் இல்லாததால் பதினாலாம் ஃபிரெட்டுக்கு மேலே கை போவது சிரமம். எனக்கு அங்கே வேலையும் இல்லை.

இனி ஒலிக்கு வருகிறேன், இதைப் பற்றித்தான் நாள் முழுக்கக் கதைக்க எனக்கு ஆசை. தட்டைமுகக் கிட்டாரில் ஒரு கோர்டைத் தட்டினால் அது நீண்டு மினுங்கிக்கொண்டே இருக்கும். அடுத்த கோர்ட் வரும்போதும் முந்தியது முடிந்திருக்காது. ஆர்ச்டாப்பில் அப்படி இல்லை. பிக் கம்பியைத் தொட்டதும் நல்ல மரக்கதவை விரல்கணுவால் தட்டியதுபோல ஒரு 'டொக்'. அதன் பின்னாலேயே சுரம், தடிப்பாக, நேராக. பிறகு சட்டென்று ஓய்ந்துவிடும். கலியாண வீடுகளில் வாசிக்கும் இசைக்குழுத் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தபோது இதை எடுத்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன அண்ணை, சத்தம் உடன செத்துப் போகுது?"

"அதுதான் தம்பி இதின்ர வடிவே," என்றேன்.

சுரம் ஓய்ந்துவிடுவதால் தாளத்துக்கு இடம் பிறக்கிறது. கவுன்ட் பேசியின் இசைக்குழுவில் ஃப்ரெடி கிரீன் செய்ததெல்லாம் இதுதான். 1937இல் சேர்ந்து 1987இல் இறக்கும்வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு, ஒரு தாளவட்டத்துக்கு நாலு தட்டு. ஆம்ப் இல்லை, தனி வாசிப்பு இல்லை. கம்பிகளை ஃபிரெட்டிலிருந்து நன்றாக உயர்த்தி வைத்து, டிரம்பட்டுகளுக்கும் சாக்ஸபோன்களுக்கும் நடுவில் வெறும் மரத்தால் அந்தக் குழுவையே நடத்திக்கொண்டு போனார். பேசியின் ஒலிப்பதிவுகளில் கிட்டாரைத் தனியாகப் பிரித்துக் கேட்கக் கொஞ்சம் காது பழக வேண்டும். பழகிவிட்டால் பிறகு வேறொன்றும் காதில் ஏறாது.

என் காலை நேரமே அந்த நாலு தட்டோடுதான் தொடங்குகிறது. அதில் மூன்று கோர்டை மட்டும் இங்கே விரித்துச் சொல்கிறேன், கிட்டார் பிடிக்கத் தெரிந்தவர்கள் உடனே வாசித்துப் பார்க்கலாம். ஆறாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டில் நடுவிரல். நாலாம், மூன்றாம் கம்பிகளிலும் அதே மூன்றாம் ஃபிரெட்டில் மோதிரவிரலைப் படுக்க வையுங்கள். ஐந்தாம் கம்பியை நடுவிரலின் நுனி லேசாகத் தொட்டு ஊமையாக்கும். மேலே உள்ள இரண்டு கம்பிகளும் பேசக்கூடாது. இது ஜி மைனர் செவன், மொத்தமே மூன்று சுரம். இப்போது நடுவிரல் ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டுக்குப் போகட்டும், நாலாம் கம்பியின் சுரம் ஒரு ஃபிரெட் பின்னால் வரட்டும். மூன்றாம் கம்பியில் இருக்கும் பி ஃபிளாட் அசைய வேண்டாம். சி செவன் வந்துவிட்டது. அடுத்து அடிச்சுரம் ஆறாம் கம்பியின் முதல் ஃபிரெட்டுக்கு. இந்த முறை நாலாம் கம்பி இருந்த இடத்திலேயே நிற்க, மூன்றாம் கம்பி ஒரு ஃபிரெட் இறங்கும். எஃப் மேஜர் செவன். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சுரம் நிற்கிறது, ஒரு சுரம் அரைப்படி இறங்குகிறது. தட்டைமுகக் கிட்டாரில் வாசித்தால் இந்த நகர்வு மினுக்கத்துக்குள் அமிழ்ந்துபோகும். ஆர்ச்டாப்பில் அந்த அரைப்படி தனித்து, துல்லியமாகக் கேட்கும். ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் இடது கையின் அழுத்தத்தை ஒரு மயிரிழை தளர்த்தினால் கோர்ட் அங்கேயே நின்றுவிடும். விரல் கம்பியை விட்டு எழவே கூடாது, அழுத்தம் மட்டும்தான் குறைய வேண்டும். இது கைக்கு வந்த அன்று நான் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

இத்தனையும் வயர் சொருகாமல். அடுக்குமாடிக் குடியிருப்பில் இது எவ்வளவு பெரிய வசதி என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இரவு பதினொரு மணிக்கும் வாசிக்கலாம். எனக்குப் போதிய சத்தம் வரும், பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டாது.

ஆம்பில் சொருகினால் அது வேறொரு உலகம். பி-90 பிக்கப்பில் ஒரு மெல்லிய முரமுரப்பு இருக்கிறது, அழுத்தித் தட்டினால் குரல் கொஞ்சம் கரகரக்கும். டோன் குமிழை முழுதாகத் திறந்தால் ஐம்பதுகளின் புளூஸ். மூன்றுக்குக் கொண்டுவந்து, பிக்கை வைத்துவிட்டுப் பெருவிரலின் சதையால் வாசித்தால் வெஸ் மொன்ட்கோமரி இருந்த தெருவில் நானும் நிற்கிறேன் என்று ஒரு பூரிப்பு. ஒற்றைச் சுருள் பிக்கப் எதற்கும் உரிய இரைச்சல் இதற்கும் உண்டு. கதிரையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தால் அது குறைந்துவிடும். ஜிம் ஹாலின் இஎஸ்-175இலும் முதலில் இருந்தது இதே பி-90தான். 1962இல் சோனி ரோலின்ஸோடு அவர் வாசித்த 'தி பிரிட்ஜ்' இசைத்தட்டைக் கேளுங்கள். எவ்வளவு குறைவான சுரங்களால் எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல பாடம் இல்லை.

கம்பியைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாதி உண்மையை மறைத்தவன் ஆவேன். வழக்கமான கம்பியில் உருண்டைச் சுற்று இருக்கும், விரல் நகரும்போது கிறீச்சிடும். ஆர்ச்டாப்புக்கு ஃபிளாட்வவுண்ட் போடுங்கள். அதில் தட்டையான நாடாவைச் சுற்றியிருப்பதால் மேற்பரப்பு வழவழவென்று இருக்கும். 12 தடிப்பில் தொடங்கும் கட்டு, மூன்றாம் கம்பியும் சுற்றப்பட்டது. முதல் நாள் விரல் நோகும். வியன்னாவின் தொமாஸ்டிக்-இன்ஃபெல்ட் செய்யும் ஃபிளாட்வவுண்ட் கொஞ்சம் விலைதான், ஆனால் மாதக்கணக்கில் நிற்கும், பழசாகப் பழசாக ஒலி கனிந்துகொண்டே போகும். மலிவுக் கிட்டாரில் விலையுள்ள கம்பி போடுவது வீண் செலவு என்று நினைப்பவர்கள் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் ஒட்டப்படாத பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். நகர்ந்துவிட்டாலும் பயமில்லை, திருப்பி நிறுத்துவதே எனக்கு ஒரு சந்தோஷம். பன்னிரண்டாம் ஃபிரெட்டின் நேர்மேலே கம்பியை மெல்லத் தொட்டு ஹார்மோனிக் எழுப்பவேண்டும், பிறகு அதே ஃபிரெட்டில் அழுத்தி வாசிக்கவேண்டும். அழுத்திய சுரம் கூடுதலாகக் கேட்டால் பிரிட்ஜை வால்பக்கம் ஒரு நூலளவு நகர்த்துங்கள், குறைவாகக் கேட்டால் கழுத்துப் பக்கம். இரண்டும் ஒன்றாகும் இடத்தில் கிட்டார் முழுவதும் சுதி சேர்ந்து நிற்கும். உயரத்துக்கு இரண்டு சிறிய சக்கரங்கள் இருக்கின்றன, விரலாலேயே திருகலாம். கடைக்குக் கொண்டு ஓட வேண்டிய அவசியமே இல்லை.

ரொறொன்ரோ வாசிக்கு இந்தப் பிளைவுட் இன்னொரு விதத்திலும் வரம். ஜனவரியில் ஹீட்டர் ஓடத் தொடங்கினால் வீட்டுக் காற்று அப்படியே காய்ந்துபோகும். முழுமரக் கிட்டார் வைத்திருப்பவர்கள் ஈரப்பதமானியைப் பார்த்துப் பார்த்து, அறையை 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் வைத்திருக்கப் பாடுபடுவார்கள். விட்டால் பலகை சுருங்கி வெடித்துவிடும். பிளைவுட்டில் ஒரு தகட்டின் இழைக்குக் குறுக்கே அடுத்த தகட்டின் இழை ஓடுவதால் மரம் அவ்வளவாக அசையாது. என் கிட்டார் பனிக்காலம் முழுக்கப் பெட்டிக்கு வெளியேதான் நிற்கிறது. எந்நேரமும் கண்ணில் படுகிற கிட்டாரைத்தான் மனிதன் எடுத்து வாசிப்பான்.

ஆர்ச்டாப் அமெரிக்க ஜாஸோடு முடிந்துபோனதும் இல்லை. ராஜஸ்தானில் பிறந்த பிரிஜ் பூஷன் காப்ரா, கிப்சன் சூப்பர் 400 என்ற ஆர்ச்டாப்பை மடியில் கிடத்தி, இரும்புத் தண்டை வழுக்கவிட்டு ராகம் வாசித்தார். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் வாசித்த 'கால் ஒஃப் த வேலி' இசைத்தட்டில் அந்த வழுக்கு வாசிப்பைக் கேட்கலாம். விஸ்வ மோகன் பட்டின் மோகன் வீணையும் ஒத்ததிர்வுத் தந்திகள் சேர்த்து மாற்றியமைத்த ஆர்ச்டாப். இதைத் தெரிந்துகொண்டபின் எம்.எஸ். விஸ்வநாதனின் அறுபதுகளின் கிளப் பாட்டுகளை இதில் வாசிக்க எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. அந்தக் கோர்டுகளும் இந்த மரமும் சொந்தக்காரர்கள்.

கோடின்தான் வேண்டும் என்றும் இல்லை. ஐபனேஸின் ஆர்ட்கோர் வரிசையில் ஏஎஃப்55, ஏஎஃப்75 இரண்டும் கைக்கு அடக்கமான விலையில் நல்ல கிட்டார்கள். செதுக்கிய பலகைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், தி லோர் எல்எச்-600 இருக்கிறது. அது சீனாவில் செய்யப்பட்டது, பழைய எல்-5இன் அடியொற்றியது. பாவித்ததாகவே தேடுங்கள். கழுத்தை முனையிலிருந்து நேர்கோட்டில் பாருங்கள், எஃப் துளைக்குள் விளக்கடித்துப் பசை விட்டிருக்கிறதா என்று பாருங்கள், பிரிட்ஜின் அடி பலகையோடு இடைவெளி இல்லாமல் அமர்ந்திருக்கிறதா என்று ஒரு கடதாசித் துண்டைச் சொருகிப் பாருங்கள். கடைக்காரர் ஆம்ப் வயரை நீட்டுவார், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். முதலில் வெறும் மரமாக, அந்த ஜி மைனர் செவனை நாலு தட்டுத் தட்டுங்கள்.