நாலு மைல் வேகம்

மணிக்கு நாலு மைல் வேகத்தில் போகிற படகை ஒரு மணி நேரம் டி.வி.யில் பார்ப்பீர்களா? 'வேற வேலை இல்லையா?' என்றுதான் நானும் கேட்டேன். அஞ்சு நிமிஷம் பார்த்துவிட்டு மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தவன், முதல் சீசனை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

தொடரின் பெயர் 'கிரேட் கனால் ஜர்னீஸ்'. 2014-ல் பிரிட்டிஷ் டி.வி.யில் ஆரம்பித்தது. நடத்தியவர்கள் டிமதி வெஸ்ட், ப்ரூனெல்லா ஸ்கேல்ஸ் என்ற நடிகத் தம்பதி. 1963-ல் கல்யாணம் ஆனவர்கள். தொடர் ஆரம்பித்தபோது அவருக்கு 79 வயது, அம்மணிக்கு 81. 'ஃபால்ட்டி டவர்ஸ்' காமெடி பார்த்தவர்களுக்கு ஸ்கேல்ஸைத் தெரியும். ஓட்டல்காரக் கணவனை ஒரே அதட்டலில் அடக்குகிற சிபில் அவர்தான்.

இவர்கள் போவது நாரோபோட்டில். சுமார் ஏழடி அகலம், எழுபதடி வரை நீளம். ரயில் பெட்டியை இளைக்க வைத்துத் தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் நிலக்கரி சுமந்த படகு. பின்பக்கச் சின்ன அறையில் குடும்பமே சமைத்து, தூங்கி, பிள்ளை பெற்றது. இன்றைக்கு அதே படகில் சோபாவும் ஒயினும். அன்று பிழைப்பு, இன்று ஓய்வு.

வசந்தத்தில் அந்தக் கரைகள் எப்படியிருக்கும் தெரியுமா? ஹாதார்ன் புதர்கள் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். தாய் வாத்துக்குப் பின்னால் குஞ்சுகள் வரிசை பிடிக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்குட்டிகள். கரையில் நடக்கிறவர் படகைத் தாண்டிப் போய்விடுவார். அவசரப்பட முடியாது. பட்டால் சிரிப்பார்கள்.

முதல் பயணம் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில். 1810-ல் முழுசாகத் திறந்து, ரயில் வந்ததும் நொடித்து, தூர்ந்து, பொதுமக்கள் பிடிவாதமாக மீட்டெடுத்து 1990-ல் ராணி மறுபடி திறந்து வைத்த கால்வாய். டிவைஸஸ் ஊர் அருகே இரண்டு மைலுக்குள் 29 லாக்குகள். லாக் என்பது தண்ணீர்ப் படிக்கட்டு. தொட்டிக்குள் படகு நுழைந்ததும் கதவை மூடி, தண்ணீரை நிரப்பினால் படகு தானே மேலே ஏறும். 29-ஐயும் தாண்ட ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு விஷயம். ஸ்கேல்ஸுக்கு டிமென்ஷியா. மறதி நோய்.

யோசித்துப் பாருங்கள். நடிகையின் மூலதனமே ஞாபகசக்தி. ஐம்பது வருஷத்துக்கு மேல் வசனங்களை மனப்பாடம் செய்து மேடையில் நின்றவர். இனிமேல் நேற்று பார்த்த பாலம் இன்றைக்கு நிற்காது. கால்வாயில் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, நடக்க நடக்க ரசித்தால் போதும் என்கிற அர்த்தத்தில் வெஸ்ட் சொல்கிறார். சோக வயலின் வாசித்து நம்மை அழவைக்காமல், இதை டீ ஆற்றுகிற மாதிரி சாதாரணமாகச் சொல்வதுதான் தொடரின் பெரிய பலம்.

குறைகளும் உண்டு. பிற்பாடு பிரான்ஸ், ஸ்வீடன், கேரளம் என்று கிளம்பியதும் டூரிஸ்ட் கையேட்டு வாசனை வந்துவிடுகிறது. ஊர் மாற மாற இவர்கள் விருந்தாளியாகி விடுகிறார்கள். சொந்தக் கால்வாயில் இருந்த அந்நியோன்யம் அங்கே இல்லை.

இன்னொன்று, கொஞ்சம் பெரிய குறை. 'ஞாபகம் வேண்டாம்' என்பது பாதி உண்மைதான். அவருக்கு வேண்டாம், சரி. கூட இருப்பவருக்கு? மாத்திரை வேளை, பெயர்கள், போன வசந்தம், அத்தனையையும் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒருத்தர் சுமக்க வேண்டும். படகைக் கட்டிப்போட்டு வீட்டுக்குப் போன பிறகு வருகிற இரவுகளை காமிரா அனேகமாகக் காட்டுவதில்லை. உங்கள் வீட்டில் ஒரு மறதிக்கார அம்மாவோ மாமாவோ இருந்தால், காட்டாமல் விட்டது என்ன என்று உங்களுக்கே தெரியும். அத்தனை பேருக்கும் படகு வாய்ப்பதில்லை என்பதும் தெரியும்.

ஆனாலும் தொடரைக் குறைசொல்லி முடிக்க மனசு வரவில்லை. சுக்கான் பிடித்திருக்கிற கிழவரைப் பாருங்கள். கண் தண்ணீர்மேல் இருந்தாலும் கவனம் பக்கத்தில் நிற்கிற மனைவிமேல்தான். மருத்துவப் புத்தகங்கள் எத்தனை பக்கத்தில் சொன்னாலும் இது விளங்காது.

2019-க்குப் பிறகு படகை வேறு ஆட்களிடம் விட்டார்கள். 2024 நவம்பரில் வெஸ்ட் காலமானார். 2025 அக்டோபரில் ஸ்கேல்ஸும் போய்விட்டார்.

கிடைத்தால் முதல் எபிசோடிலிருந்து பாருங்கள். தனியாக வேண்டாம். வீட்டில் ரொம்ப நாளாக அவசரமாகவே பேசிக்கொண்டிருக்கிற ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.