140 எழுத்தில் மழை

2006-இல் வந்த ட்விட்டரில் தொடக்க காலத்தில் 140 எழுத்துதான் எல்லை. எஸ்எம்எஸ்ஸின் 160-இல் 20-ஐப் பயனர் பெயருக்கு ஒதுக்கியது போக மிஞ்சியது அது. தமிழில் எழுதுபவருக்கு இடம் இன்னும் குறைவு: புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் சேரும், 'மழை' என்றால் மூன்று. 2017-இல் எல்லை 280 ஆனது. ஆனாலும் எனக்குப் பிடித்தவை அந்தச் சிக்கனம் விடாத பதிவுகளே.

மழைநாளில் 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் எழுதுவதைப் பாருங்கள். மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு நேரம் பெய்யும், பயப்பட வேண்டுமா. கூடவே ஒரு ரேடார் படம். அவ்வளவுதான். ஹாஷ்டேக் அடுக்கி ஆள் சேர்ப்பவர்களுக்கு வாசகரின் இப்படியொரு நம்பிக்கை வாய்ப்பதில்லை. அவர் பதிவின் கீழே ஊர்ப்பெயர்கள் வரிசை கட்டுகின்றன: தாம்பரத்துக்கு உண்டா? பூந்தமல்லிக்கு? பலருக்குப் பதிலும் கிடைக்கிறது. கூட்டம் சேருவது அந்தப் பதில்களால்தான்.