கரும்புக்கு என்ன நிறம்?

பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள். புதுச்சேரி உழவர்கரையில் ஒரு தொடக்கப்பள்ளி, இரண்டாம் வகுப்பு. ஜெராக்ஸ் எடுத்த தாளில் பொங்கி வழியும் பானை, மேலே சூரியன், இருபுறமும் கரும்பு. “கலர் அடிங்க” என்கிறார் டீச்சர். இரைச்சல் அடங்கிவிடுகிறது. ஒரு சிறுமி கரும்புக்குச் சிவப்பு அடித்து, அதன் மேலேயே நீலத்தை அழுத்தித் தேய்க்கிறாள். பக்கத்துப் பையன் எட்டிப் பார்த்து, “கரும்பு பச்சைடி” என்கிறான். “நேத்து எங்கப்பா வாங்கியாந்தாரு. இந்தக் கலருதான்” என்கிறாள். கடலூர்ப் பக்கத்திலிருந்து வரும் பன்னீர்க் கரும்பின் தோல் கருஞ்சிவப்புத்தான். பன்னிரண்டு கிரேயான் கொண்ட பெட்டியில் அந்த நிறம் இல்லை, அவளே உண்டாக்கிக்கொண்டாள்.

இதே பானை யாழ்ப்பாணத்து வகுப்பறையிலும் உண்டு. அங்கே ‘கலர் அடி’ இல்லை, ‘நிறந்தீட்டுக’. டீச்சர் இல்லை, ‘ரீச்சர்’. நம் பிள்ளைக்கு உழவர் திருநாள் வரை நீளும் விடுமுறை, அவர்களுக்கு ஒரு நாள்தான். நமக்குப் படிப்பாண்டு முடியப்போகும் நேரம். அங்கே வழக்கமாக ஜனவரியில்தான் முதலாம் தவணை தொடங்கும்.

இவையெல்லாம் மேலோட்டமான வேறுபாடுகள். படத்தாளை எந்தப் பாடத்துக்காகக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. இலங்கையில் முதலாம் தரத்திலிருந்தே சமயம் ஒரு பாடம். சைவநெறி, பௌத்தம், இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று அவரவர் சமயத்துக்கு அவரவர் நூல். ஆகவே பண்டிகைப் படம் அங்கே பாடத்தின் ஒரு பகுதி. கதையும் வழிபாடும் அதோடு சேர்ந்தே வரும். இந்தியாவில் அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் சமய போதனையை விலக்குகிறது. அதனால் நம் அரசுப் பள்ளிக்குள் பண்டிகை, படமாகவும் பாட்டாகவும் மட்டுமே நுழைகிறது.

இரண்டிலும் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. உழவர்கரை வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாப் பிள்ளைகளும் பானையையும் தீட்டுகிறார்கள், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தையும் தீட்டுகிறார்கள், ரம்ஜான் பிறையையும் தீட்டுகிறார்கள். ஆனால் பிறையைப் பார்க்க ஏன் காத்திருக்கிறார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. மணி அடித்ததும் தாள் ஃபைலுக்குள் போய்விடுகிறது. இலங்கைப் பிள்ளைக்குத் தன் பண்டிகையின் காரணம் தெரிகிறது. ஆனால் சமயப் பாடவேளை வந்ததும் பக்கத்துத் தோழன் வேறு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுகிறான்.

அந்தக் குறையை அங்கே பள்ளி விழாக்கள் ஓரளவு சரிக்கட்டுகின்றன. தமிழ்ப் பள்ளிகளில் நவராத்திரிக்கு வாணி விழா. கிறிஸ்துமஸை முன்னிட்டு, மூன்றாம் தவணை முடிவதற்குள் ஒளி விழா. பௌத்தர்களின் வெசாக் பண்டிகை வந்தால் நிறம் தாளை விட்டே இறங்கிவிடும். மூங்கில் சிம்பைக் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, வெசாக் கூடு என்ற விளக்கைச் செய்து தொங்கவிடுகிறார்கள். வெசாக் பொது விடுமுறையான 1885-ஆம் ஆண்டிலேயே கொழும்பில் பௌத்தக் கொடியும் முதன்முதலாக ஏறியது. பிள்ளைகளின் கூடுகளில் அந்தக் கொடியின் நீலமும் மஞ்சளும் சிவப்பும் இன்றும் தொங்குகின்றன. தீட்டிய தாள் ஃபைலில் தூங்கும். செய்த கூடு வாசலில் எரியும். நாம் அவர்களிடம் கற்க வேண்டியது இது.

தேசிய நாள்களிலும் ஓர் ஒப்பீடு இருக்கிறது. சுதந்திர தினமான பிப்ரவரி 4-க்கு இலங்கைப் பிள்ளை தீட்டும் கொடியில் வாளேந்திய சிங்கம், நான்கு மூலையிலும் அரசிலை. பச்சைப் பட்டை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு. எந்த நிறம் யாரைக் குறிக்கிறது என்ற கேள்வி அந்தத் தாளிலேயே இருக்கிறது. நம் பிள்ளை ஆகஸ்ட் 15-க்கு மூன்று கிரேயானில் கொடியை முடித்துவிட்டு, 24 ஆரங்களில்தான் திணறும். ஆனால் புதுச்சேரிக்கென்று இன்னும் இரண்டு விடுமுறைகள் உண்டு: பிரெஞ்சு ஆட்சி கைமாறிய 1954 நவம்பர் 1, சட்டப்படி இணைந்த 1962 ஆகஸ்ட் 16. இவற்றுக்கென ஒரு படத்தாளை நான் பார்த்ததே இல்லை. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்த கீழூர் இங்கிருந்து தொலைவில் இல்லை. அங்குள்ள நினைவிடத்தை ஒரு டீச்சர் கையால் வரைந்து ஜெராக்ஸ் எடுத்தாலே போதும்.

வண்ணம் தீட்டும் புத்தகங்களே கூடாது என்ற கட்சியும் பழையது. கலைக்கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் வெளிவந்த தன் நூலில், பிறர் போட்ட கோடு பிள்ளையின் சொந்தக் கோட்டை மழுக்கிவிடும் என்று வாதாடினார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு விடுமுறைக்கு முந்தின பிற்பகலை ஓட்டும் டீச்சரிடம் தாளைப் பிடுங்க எனக்கு மனமில்லை. பாதித் தாளைக் காலியாக விடட்டும். பானையை மட்டும் அச்சிட்டு, “உங்க வீட்டுல பொங்கல் எங்க வைப்பீங்க? அதை வரைங்க” என்று சொல்லட்டும். கேஸ் அடுப்பும் வரும், முற்றமும் வரும், பொங்கலே வைக்காத வீடும் வரும். அதைப் பற்றிப் பேச ஒரு பாடவேளை போதாது.

அந்தச் சிறுமியின் தாளை டீச்சர் வாங்கிப் பார்த்தார். ஒரு கணம் யோசித்துவிட்டு வகுப்பைப் பார்த்துக் கேட்டார்: “கரும்பு யார் யார் வீட்டுக்கு வந்தாச்சு? என்ன கலரு?” பச்சைக் கிரேயானைக் கையில் வைத்திருந்த நாலைந்து பேர் அதைக் கீழே வைத்தார்கள்.