விதிவிலக்காக நின்றவரும் வழிவிட்டவரும்

பெண்ணுரிமை பற்றிய தம் கருத்தை ஒரு பெண் எழுத்தாளர் மாற்றிக்கொண்டால், இலக்கிய வரலாறு அவரை முற்போக்கு, பிற்போக்கு என்ற இரண்டில் ஒரு பக்கம் ஒதுக்கிவிடுகிறது. எலிசா லின் லின்டனுக்கு (1822–1898) நேர்ந்தது அதுதான். இங்கிலாந்தில் நாளிதழொன்றில் சம்பளத்துக்கு அமர்ந்த முதற் பெண் என்று அறியப்படுபவர் அவர். பெண்ணுரிமைச் சிந்தனையாளர் மேரி வோல்ஸ்டன்கிராஃப்டை 1854இல் போற்றி எழுதிய அவரே, 1868 மார்ச்சில் ‘சாட்டர்டே ரிவியூ’வில் பெயர் போடாமல் எழுதிய கட்டுரையில், முகப்பூச்சிலும் ஆடம்பரத்திலும் மூழ்கியவர்கள் என்று தம் காலத்து இளம்பெண்களைச் சாடினார். எழுபதை நெருங்கிய வயதிலும், 1891இல், உரிமை கேட்ட பெண்களைக் காட்டுப் பெண்கள் என்று ஏசினார். பணத்துக்காக மாறினார் என்பவர்கள் உண்டு. ஆனால் ‘சாட்டர்டே ரிவியூ’ கட்டுரைகளை 1883இல் தம் பெயரிட்டே நூலாக்கியவர் அவர், நம்பித்தான் எழுதியிருக்கிறார். காரணம் வேறிடத்தில் இருக்கிறது. 1885இல் வந்த தன்வரலாற்று நாவலில் தம் வாழ்க்கையைக் கிறிஸ்டோபர் கேர்க்லண்ட் என்ற ஆணின் கதையாக எழுதினார். உழைத்துச் சம்பாதித்த தம்மைப் பெண்குலத்துக்குப் புறம்பான ஒருவராகவே அவர் கண்டிருக்கிறார். தமக்குக் கிடைத்ததை மற்றப் பெண்களுக்கு மறுப்பதில் அதனால்தான் அவருக்கு உறுத்தல் இருக்கவில்லை.

தமிழில் இதற்கு அருகே வைத்துப் பார்க்கத் தக்கவர் வை.மு. கோதைநாயகி (1901–1960). ஐந்தரை வயதில் திருமணம். பள்ளிப் படிப்பு இல்லை. முதல் நாடகமான ‘இந்திர மோகனா’வை அவர் வாயாற் சொல்ல, தோழி பட்டம்மாள் ஏட்டில் எழுதினார். 1925இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று, ‘வைதேகி’ நாவலைத் தொடராக வெளியிட்டு, 35 ஆண்டுகள் அந்தச் சஞ்சிகையை நடத்தினார். எழுதிய நாவல்கள் நூற்றுக்கு மேல். காந்தியைச் சந்தித்த பின் பட்டும் நகையும் நீங்கின, கதர் வந்தது. மறியல் செய்து 1932இல் சிறைக்கும் போனார். விதவை மறுமணமும் மதுவிலக்கும் கதைகளுக்குள் புகுந்தன. இவரிடமும் மாற்றம் நிகழ்ந்தது. ஆனால் லின்டன் பிறர் நடத்திய பத்திரிகைக்கு எழுதிக்கொடுத்தவர். கோதைநாயகி தாமே ஆசிரியராகி மற்றப் பெண்களின் எழுத்துக்கும் பக்கம் ஒதுக்கியவர். நாவல்களின் எண்ணிக்கையைச் சொல்லி வியந்து நகர்ந்துவிடும் நம் இலக்கிய வரலாறுகளில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை என்பது பெருங்குறை.

கோதைநாயகியின் கதைகளிலும் பொறுமைசாலி மனைவிதானே போற்றப்படுகிறாள் என்று கேட்கலாம். இலங்கைப் பெண்ணிய ஆய்வாளர் குமாரி ஜயவர்தன 1986இல் வெளியிட்ட நூலில், ஆசிய நாடுகளின் தேசிய இயக்கங்கள் பெண்களை வீதிக்கு அழைத்தும் குடும்ப அமைப்பைத் தொடாமல் விட்டன என்று காட்டினார். அந்த விமர்சனம் கோதைநாயகிக்கும் பொருந்தும். அதை மழுப்ப வேண்டியதில்லை. மறியலுக்குப் போன ஆசிரியரின் துணிச்சல் அவருடைய கதாநாயகிகள் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. ஆயினும் கதை முடிவுகளை மட்டும் கொண்டு நிறுத்தால், பள்ளிக்குப் போகாத ஒருத்தி, தோழியின் கையால் எழுதத் தொடங்கி, பிறகு மற்றவர்களையும் எழுதவைத்த செயல் கணக்கில் வராமற் போகும். பெண்களைப் பற்றி என்ன சொன்னார் என்பதோடு, தம்மைப் பெண்களுள் ஒருவராக வைத்துச் சொன்னாரா என்பதையும் கேட்டாக வேண்டும். லின்டன் இந்தக் கேள்வியில் தோற்கிறார். கோதைநாயகி, குறைகளோடும், தேறுகிறார்.

இந்தக் கேள்வி இலங்கைக்கும் உரியது. மங்களம்மாள் மாசிலாமணி 1923இல், ‘ஜகன்மோகினி’க்கு முன்பே, யாழ்ப்பாணத்தில் ‘தமிழ்மகள்’ சஞ்சிகையைத் தொடங்கினார். பெண்களுக்கு வாக்குரிமை வருவதற்கு எட்டு ஆண்டுகள் முந்திய முயற்சி அது. ஆலங்குடாவை உள்ளிட்ட புத்தளக் கரையோர முஸ்லிம் பெண்களைப் பற்றி எழுதுவோர் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். தமிழ் எழுத்து அறியாவிட்டாலும், அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழான அரபுத்தமிழை வாசித்த முஸ்லிம் பெண்கள் இந்நாட்டில் இருந்தார்கள். அவர்களைக் கல்வியற்றவர்கள் என்று ஒதுக்கிவிட்டுப் பெண்கள் வாசிப்பின் வரலாற்றை எழுத முடியாது. அச்சேறிய சஞ்சிகைகளோடு, வீடுகளில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்ட கிதாபு நூல்களையும் ஆய்வாளர்கள் தேடிச் சேர்க்க வேண்டும்.