காசு என்ன விலை?

2025 நவம்பரில் ஜவ்வாது மலையில், கோவிலூர் சிவன் கோயிலில் திருப்பணிக்காகத் தோண்டியபோது ஒரு மண் கலயம் கிடைத்தது. உள்ளே 103 தங்கக் காசுகள். செய்தி வந்த அன்று நாலு பேரிடம் அதைப் பற்றிப் பேசியிருப்பேன். ஒருத்தர்கூட ‘எந்த ராஜா காலத்துக் காசு?’ என்று கேட்கவில்லை. ‘இன்னிக்கு ரேட்டுக்கு எவ்ளோ சார் தேறும்?’

தப்பில்லை. தங்கம் விற்கிற விலைக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும். வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரன் 1878-லேயே இதற்கு ஒரு பதில் எழுதிவைத்துவிட்டான். புதையல் சட்டம். மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். உரிமையாளர் இல்லாத புதையலை அரசு எடுத்துக்கொள்ள நினைத்தால், உலோகத்தின் மதிப்பு, அதோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். சோழன் காசோ, சுல்தான் காசோ, எடைக்கு மேல் இருபது பர்சென்ட்! நகைக்கடைக்காரர் சேதாரம் போடுகிற மாதிரி. என்ன, இங்கே கொடுக்கிறவர் கடைக்காரர்.

அது கோயில் காசு. அதில் யாரும் பேரம் பேச முடியாது. எனக்குக் கவலை, பேரத்துக்கு வருகிற மற்ற காசுகளைப் பற்றி.

பழங்காசு சேர்க்கிறவர்களின் உலகத்தில் எழுதப்படாத சில மரியாதைகள் உண்டு. காசை விளிம்பில் பிடித்துத்தான் தூக்கணும். முகத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்க்கக் கூடாது. பக்கத்தில் ஒருத்தர் விலை பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே நுழைந்து கூடுதலாகக் கேட்கக் கூடாது. முக்கியமாக, நீங்கள் ஒரு விலை கேட்டு, அவர் ‘சரி, எடுத்துக்குங்க’ என்று சொல்லிவிட்டால் வாங்கித்தான் ஆகணும். ‘யோசிச்சுட்டு வரேன்’ என்று நழுவினால், அடுத்த தடவை அந்த மேஜையில் உங்களுக்காக ஆல்பம் திறக்காது.

இதெல்லாம் விஷயம் தெரிந்த இரண்டு பேருக்கு நடுவில். எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்று தெரிந்துவிட்டால் மரியாதை பறந்துவிடுகிறது.

ஒரு கண்காட்சியில் பார்த்தேன். வயசான அம்மா ஒருவர், சுருக்குப்பையில் வீட்டுச் செப்புக்காசுகளைக் கொண்டுவந்திருந்தார். நல்லபடியாகக் காட்ட வேண்டுமே என்று புளி போட்டுப் பளபளவென்று விளக்கியிருந்தார், பாவம். (பழங்காசுக்குக் களிம்புதான் அழகு, சாட்சி, எல்லாம். விளக்கினால் விலை போச்சு.) அதை அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். வாங்க வந்தவர் சொன்னது வேறு: ‘எல்லாம் டூப்ளிகேட்டும்மா. எடைக்கு வேணா போட்டுக்கறேன்.’ அந்த அம்மா சுருக்கை இழுத்துக் கட்டிக்கொண்டு போனபிறகு, அதே மனிதர் பக்கத்தில் இருந்தவரிடம், ‘ரெண்டு நல்ல பீஸ் இருந்துது சார்’ என்றார்.

விலையைக் குறைத்துக் கேட்பது வாங்குகிறவரின் உரிமை. அதற்காகப் பொருளைப் பொய் சொல்லித் தாழ்த்துவது பேரத்தில் சேராது. பேரத்தில் நம் ஊர்க்காரர்களின் முதல் அஸ்திரமே இதுதான். அதே ஜவ்வாது மலைக்குக் காரில் போய், வழியில் தேன் விற்கிற மலைவாசிப் பெண்ணிடம் பாருங்கள். ‘எவ்ளோம்மா?’ என்பதற்கு முன்பே, ‘வெல்லப்பாகு கலந்திருக்கியா?’ என்கிறோம். சென்னையில் ஏசி கடையில் கலப்படம் பற்றிக் கேட்க நாக்கு எழுமா? அங்கே எம்.ஆர்.பி., ‘தேங்க்யூ’. மலையில் ஒருமை, சந்தேகம், கடைசியில் இருபது ரூபாய் குறைத்துவிட்ட வெற்றிச் சிரிப்பு.

தேனிலாவது நஷ்டம் இருபது ரூபாய். காசில் போவது சரித்திரம். கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலிக்கிறவர்களுக்குப் பழைய காசுகள் கிடைப்பதுண்டு. அங்கிருந்து அவை பழைய உலோகம் வாங்குகிற கடைகளுக்குப் போகும். எடைக்குப் போட்டு உருக்கிய காசு எத்தனை என்பதற்குக் கணக்கே கிடையாது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி (2021-ல் காலமானார்) இப்படி வருகிற காசுகளை விடாமல் தேடி வாங்கிப் படித்துப் பார்த்தவர். 1980-களில் அவர் கையில் சிக்கிய ஒரு செப்புக்காசில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்று இருந்தது. சங்ககாலப் பாண்டியன் பெயர் பொறித்த காசு! கரூர்ப் பக்கம் மாக்கோதை, கொல்லிப்பொறை என்று சேரர் பெயர்களும் கிடைத்தன. யாராவது ஒருத்தர் ‘எடைக்குப் போட்டுக்கறேன்’ என்று முந்தியிருந்தால்?

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. காசுக்கு உயிரே அது கிடைத்த இடம்தான். மிரட்டி, மட்டம் தட்டி வாங்குகிறவரிடம் எவரும் உண்மையான இடத்தைச் சொல்வதில்லை. நூறு வயசு தாண்டிய காசு 1972 சட்டப்படி தொல்பொருள். லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் பண்ணக் கூடாது. அந்தப் பயம் வேறு. ஆகவே, ‘தாத்தா பெட்டில இருந்துது சார்.’

விற்கிறவர்களும் சாமானியப்பட்டவர்கள் இல்லை. எந்தக் காசை எடுத்தாலும் ‘கரூர் ஐட்டம்’ என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1818-ல் அனுமார் போட்டு அடித்தது என்று சுற்றுகிற ‘ஒரு அணா’ சுத்தப் போலி. அதற்கு லட்சங்கள் கேட்பவர்கள் உண்டு. டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டை நம்பிக் கமிஷன் கட்டி ஏமாந்தவர்களும் உண்டு. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே, ‘எங்கள் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு, காசு வியாபாரத்துக்குக் கட்டணம் கேட்டால் நம்பாதீர்கள்’ என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

பழசு என்றாலே விலை என்கிற நம்பிக்கைக்கு ஒரு கப்பல் கதை போதும். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த 1808-ம் வருஷத்துப் பத்து காசு, இருபது காசு செப்பு நாணயங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’, 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. 1980-களில் அள்ளினார்கள். பத்து லட்சத்துக்கு மேல் காசு! இருநூறு வயசு, கடலடி வாசம், நம்ம மெட்ராஸ் காசு, எல்லாம் இருந்தும் எளிதாகக் கிடைப்பதால் சல்லிசு.

கோவிலூர்க் கலயத்துக்கு அதிர்ஷ்டம். ஊர், கோயில், எண்ணிக்கை எல்லாம் பதிவாகிவிட்டது. அதே கலயம் பக்கத்துச் சாமைக் கொல்லையில், தனியாக உழுதுகொண்டிருக்கும் ஒருவரின் ஏரில் தட்டுப்பட்டிருந்தால்? ‘எடையும் இருபது பர்சென்ட்டும்’ என்று ஒரு சட்டம் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது. ஸ்டேஷனில் உட்காரவைப்பார்கள் என்பது மட்டும் தெரியும். ராத்திரியோடு ராத்திரியாக ஒன்றிரண்டை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் மனைவி கீழே இறங்கிப்போய், முதல் வியாபாரியின் முன்னால் அவிழ்ப்பார். வியாபாரி எடுத்து உரசிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி ஆரம்பிப்பார்: ‘இது டூப்ளிகேட்டும்மா...’