சக்கரத்தை எழுதியவர்கள்

விக்கா சமயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வழக்கமாக இரண்டு குரல்கள் கேட்கும். 'கிறிஸ்துவத்துக்கும் முந்தைய ஆதி மதம் இது' என்கிற பரவசக் குரல் ஒன்று. 'எல்லாம் நேத்து ஜோடிச்ச கதை' என்கிற கிண்டல் குரல் இன்னொன்று. பிரிட்டிஷ் வரலாற்றாளர் ரொனால்ட் ஹட்டனின் 'தி ஸ்டேஷன்ஸ் ஆஃப் தி சன்' (1996), 'தி ட்ரையம்ஃப் ஆஃப் தி மூன்' (1999) என்ற இரண்டு நூல்களையும் வாசித்து முடிக்கிறவர், இரண்டாவது கட்சிக்குத் தாவிவிடுவது ரொம்ப சுலபம். அப்படித் தாவுவது அந்த நூல்களைப் பாதியில் மூடிவைப்பதற்குச் சமம் என்பது என் கருத்து.

விக்காவினர் ஆண்டை ஒரு சக்கரமாகப் பார்க்கிறார்கள். அதில் எட்டுப் பண்டிகைகள். அக்டோபர் கடைசி இரவில் இறந்தவர்களை நினைக்கும் சாவின் (ஐரிஷ் உச்சரிப்பு அப்படி; தமிழ்க் காதில் விழும் பொருள் வெறும் தற்செயல்). டிசம்பரின் நீண்ட இரவில் யூல். பிப்ரவரித் தொடக்கத்தில் இம்போல்க். மார்ச்சில் ஒஸ்தாரா. மே முதல் நாள் பெல்ட்டேன். ஜூனின் நீண்ட பகலில் லிதா. ஆகஸ்ட் முதல் நாள் லூனசா. செப்டம்பரில் மேபன். ஏறக்குறைய ஆறரை வாரத்துக்கு ஒன்று. பார்க்க அவ்வளவு ஒழுங்கு. அந்த ஒழுங்குதான் முதலில் சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

ஹட்டன் அந்தச் சக்கரத்தைக் கழற்றிக் காட்டுகிறார். சாவின், இம்போல்க், பெல்ட்டேன், லூனசா நான்கும் பழைய அயர்லாந்தில் உண்மையிலேயே இருந்தவை. ஆனால் அவை முதலில் மாடு மேய்க்கிறவர்களின் நாள்காட்டி. பெல்ட்டேனில் மந்தையை இரண்டு நெருப்புகளுக்கு நடுவே ஓட்டிக் கோடை மேய்ச்சலுக்கு அனுப்பினார்கள். சாவினில் மந்தை வீடு திரும்பியது. மற்ற நான்கும் சூரியனைக் கணக்கு வைத்து வந்தவை. எட்டையும் ஒருசேரக் கொண்டாடிய பழங்காலச் சமூகம் எதுவும் சான்றுகளில் தட்டுப்படவில்லை. 1958இல், லண்டனுக்கு வெளியே பிரிக்கெட் வுட் என்ற இடத்தில் கூடிய விக்கா குழுவினர், சூரிய நாள்களுக்கும் மற்ற நான்குக்கும் உள்ள அதே மரியாதை வேண்டும் என்று ஜெரால்ட் கார்ட்னரிடம் கேட்டார்கள். அவர் சம்மதித்தார். சக்கரம் எட்டு ஆரமாக உருண்டது அப்புறம்தான்.

பெயர்கள் இன்னும் புதிது. ஒஸ்தாரா, லிதா, மேபன் மூன்றையும் 1970களில் இந்த இடங்களில் பொருத்தியவர் ஏடன் கெல்லி என்ற அமெரிக்கர். மேபன், பிறந்த மூன்றாம் இரவே தாயிடமிருந்து களவு போன ஒரு வெல்ஷ் கதாபாத்திரம். செப்டம்பருக்கும் அவனுக்கும் சம்பந்தமே கிடையாது. கெல்லிக்குத் தேவைப்பட்டது, தாயிடமிருந்து பறிக்கப்பட்டுப் பாதாளம் போன கிரேக்கத்துப் பெர்செபனிக்கு நிகரான ஒரு வடக்கத்திக் கதை. தேடினார், மேபன் கிடைத்தான். இதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், இது ஒரு வாசகர் செய்கிற வேலைதானே? ஒரு கதையை இன்னொரு கதையோடு சேர்த்து வைத்து வாசிக்கிற வேலை.

கார்ட்னர் இப்படிச் சொல்லவில்லை. 1954இல் வெளியான 'விட்ச்கிராஃப்ட் டுடே' நூலில், தலைமறைவாக உயிர்பிழைத்து வந்த பழைய மதத்தைத்தான் கண்டெடுத்ததாக எழுதினார். அந்தக் கருத்தை 1921இலேயே முன்வைத்த மார்கரெட் மர்ரேதான் அதற்கு முன்னுரை கொடுத்தார். மர்ரேயின் கருத்தை வரலாற்றாளர்கள் பிறகு கைவிட்டுவிட்டார்கள். என் மனத்தாங்கல் பொய் சொன்னார் என்பதில்கூட இல்லை. ஆசிரியரை மறைத்துவிட்டால் படைப்பை விமர்சிக்க முடியாமல் போய்விடுகிறது. 'காலங்காலமா இப்படித்தான்' என்று சொன்னபிறகு யார் என்ன கேட்க முடியும்?

ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் கேட்கலாம். கேட்டால் ஓட்டைகள் தெரியும். பரவலாகச் சொல்லப்படும் கதையில் தெய்வம் பெல்ட்டேனில் தேவியோடு கூடி, யூலில் மறுபடி அவளுக்கே பிள்ளையாகப் பிறக்கிறான். மே 1இலிருந்து டிசம்பர் 21வரை எண்ணுங்கள்: எட்டு மாதம்கூட முழுசாக இல்லை! இதன்மேல் ராபர்ட் கிரேவ்ஸ் வழியாக வந்த ஓக் ராஜா, ஹாலி ராஜா சண்டைக் கதை வேறு. ஆண்டுக்கு இரண்டு முறை ஒருவனை ஒருவன் வீழ்த்துகிறான். முதல் கதையில் பிறப்பும் இறப்பும் ஒரே தெய்வத்துக்கு. இதிலோ இரண்டு பேர். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

ஆனால் சாவினும் பெல்ட்டேனும் நேரெதிராக நிற்கும் அமைப்பு அபாரம். ஒன்று செத்தவர்களுக்குக் கதவு திறக்கிறது, மற்றது உயிருள்ளவர்களின் உடம்பைக் கொண்டாடுகிறது. மந்தை போனதும் வந்ததுமான இரண்டு நாள்களிலிருந்து, மாட்டையே பார்க்காத நகரத்து ஆட்கள் இப்படியொரு அர்த்தத்தை எடுத்திருக்கிறார்கள். பழசு என்பதால் வந்த அழகில்லை இது. நன்றாகச் செய்ததால் வந்த அழகு.

'ஸ்டேஷன்ஸ் ஆஃப் தி சன்' நூலில் எனக்குப் போதாமல் படுவது இந்த இடம்தான். ஒரு சடங்கு எங்கிருந்து வந்தது என்பதை ஹட்டன் ஆவணம் ஆவணமாகத் துருவுகிறார்; எது நன்றாக அமைந்தது, எது அமையவில்லை என்று தரம் பிரிப்பது அவர் வேலையாக இல்லை. அதை வாசகர்கள்தான் செய்ய வேண்டும்.

நம் பக்கத்திலிருந்து வாசிக்க ஒரு காரணமும் உண்டு. கார்ட்னர் 1911இல் மலாயா வந்தவர். ரப்பர் தோட்டங்களில் இருந்து, பிறகு ஜொகூரில் சுங்க அதிகாரியாகி, 1936இல் ஓய்வு பெற்றார். கெரிஸ் பற்றிய அவர் நூல் அதே ஆண்டு சிங்கப்பூரில் வெளியானது. லண்டனில் ஜூன் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது, டிசம்பரில் 8 மணி நேரம்கூட இல்லை. சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கப் பார்த்தாலும் வித்தியாசம் பத்து நிமிடத்துக்குள். கால் நூற்றாண்டு இங்கே இருந்துவிட்டுப் போன மனிதருக்கு, பருவம் மாறுவது சமயமாக்கத் தகுந்த அதிசயமாகத் தெரிந்திருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே.

ஆஸ்திரேலிய விக்காவினரில் பலர் சக்கரத்தை ஆறு மாதம் திருப்பிவிட்டு, சாவினை ஏப்ரல் கடைசியில் வைக்கிறார்கள். தேதியைவிட இலையுதிர்வது முக்கியம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். ஆசிரியர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? பூமத்திய ரேகையில் எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தச் சக்கரம் ஓடாது. இங்கே யாராவது அதைக் கையிலெடுத்தால், மறுபடி முதலிலிருந்து எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினால், கீழே தங்கள் பெயரையும் போடட்டும்.