சமகாலக் கலைக் கல்வியும் விமர்சன விவாதங்களும்: குளமங்கலம் குதிரையை முன்வைத்து

சமகாலக் கலையை முதுகலை நிலையில் படிப்பது என்பது ஓவியமும் சிற்பமும் செய்யும் திறனை வளர்ப்பது மட்டுமன்று. எது கலை, அதை முடிவு செய்பவர் யார், செய்தவருக்கு அதில் என்ன பங்கு ஆகிய கேள்விகளை எழுத்தில் வாதிடுவதும் அப்படிப்பின் பகுதியாகும். இவ்விவாதங்கள் பெரும்பாலும் ஆங்கில நூல்கள் வழியே, பாரிஸ், நியூயார்க் எடுத்துக்காட்டுகளுடன் வந்து சேர்கின்றன. பேராவூரணி போன்ற ஊரிலிருந்து செல்லும் மாணவர், தம் ஊர்ப்பக்கத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்று எண்ண நேரலாம். அந்த எண்ணம் சரியன்று.

கண்முன் உள்ள சான்று

பேராவூரணிப் பக்கத்திலிருந்து எளிதில் சென்றுவரக்கூடிய தொலைவில், புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் உள்ளது. அங்குள்ள குதிரைச் சிலை 33 அடி உயரமுடையது. மாசி மகத் திருவிழாவில் வேண்டுதலாகச் சாத்தப்படும் நீண்ட காகிதப்பூ மாலைகள் குதிரையின் உருவத்தையே மூடிவிடும்.

இதனை 'நிறுவல் கலை' என்று எழுதிவிட மாணவருக்குத் தோன்றும். பலர் கூடிச் செய்வது, சில நாளே நிலைப்பது, இடத்தை நிறைப்பது என ஒற்றுமைகள் உண்டு. ஆனால் நிறுவல் கலையின் முன்னோடிகளுள் பலர் காட்சிக்கூடத்தையும் விற்பனைச் சந்தையையும் கேள்வி கேட்டவர்கள். குளமங்கலத்தில் மாலை சாத்துபவர் எதையும் மறுக்கவில்லை, நேர்த்திக்கடன் செலுத்துகிறார். வெளியிலிருந்து ஒரு பெயரைக் கொடுத்துக் குதிரையை உயர்த்துவது, அந்தப் பெயர் இல்லாவிட்டால் அது தாழ்ந்தது என்று ஒப்புக்கொள்வதாகும்.

சென்னையின் விடை

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி நெடுங்காலம் கைத்தொழிலையே முதன்மையாகக் கற்பித்தது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பின் நுண்கலை முன்னுக்கு வந்தது. அவருக்குப் பின் தலைமை ஏற்ற கே.சி.எஸ். பணிக்கர், மேற்கைப் பின்பற்றாத நவீனத்தை மண்ணின் மரபில் தேடினார். 1963இல் தொடங்கிய அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்து வடிவங்களும் ஜாதகக் கட்டங்களும் ஓவியமாயின. பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டை அடித்து உருவாக்கிய சிற்பங்கள் கோயில் கவசங்களை நினைவூட்டுபவை.

1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, பாட்டிக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற வருவாயே அதற்குத் துணைநின்றது. இங்கேதான் விமர்சனம் தொடங்க வேண்டும். மரபின் வடிவம் நவீன ஓவியத்துக்குள் வந்தது. கைவினை சோறும் போட்டது. ஆனால் அம்மரபைக் காத்த கைவினைஞர் 'கலைஞர்' என்ற பெயருக்கு வெளியே நின்றார். அழகியல் அளவில் இவ்வியக்கம் வென்றது. அந்தப் பிரிவினையை மட்டும் அது உடைக்கவில்லை.

போபாலும் பாரிசும்

ஓவியர் ஜெ. சுவாமிநாதன் வேறு வழியில் சென்றார். 1982இல் திறக்கப்பட்ட போபால் பாரத் பவனில் பழங்குடியினர் படைப்புகளையும் நகர ஓவியர் படைப்புகளையும் சம மதிப்புடன் வைத்தார். அங்கு வெளிச்சத்துக்கு வந்த கோண்டு ஓவியர் ஜங்கர் சிங் ஷியாம், 1989இல் பாரிசில் நடந்த 'பூமியின் மந்திரவாதிகள்' கண்காட்சியில் பங்கேற்றார். உலகக் கலைஞர்களைச் சமமாக வைக்க முயன்ற அக்கண்காட்சி, பிற நாட்டவரை வியப்புக்குரிய பொருளாக்கியது என்ற கண்டனத்தையும் பெற்றது. ஜங்கர் 2001இல் ஜப்பானில், ஓர் அருங்காட்சியகத்தில் பணியாற்றச் சென்ற இடத்தில் இறந்தார். படைப்புக்குச் சுவரில் இடம் கிடைத்துவிட்டால் படைத்தவருக்கு நீதி கிடைத்துவிட்டதாகாது என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

மதிப்பீடு

ஆகவே குளமங்கலத்தைப் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர், 'இது சமகாலக் கலையா?' என்பதோடு நிற்கக் கூடாது. குதிரையைச் செய்தவர் யார், மாலை கட்டுபவர் யார், அவர்கள் தம் வேலையை எந்தச் சொல்லால் குறிக்கிறார்கள், ஆய்வேட்டில் அவர்கள் பெயரும் சொல்லும் இடம்பெறுகின்றனவா என்று கேட்க வேண்டும். நேர்த்திக்கடன், சாத்துதல், புரவி எடுப்பு ஆகிய சொற்களுக்குள் காலம், உரிமை, காட்சி பற்றிய கருத்துகள் உள்ளன. அவற்றைக் கலைச்சொற்களாகக் கையாளும் துணிவு வந்தால், தமிழ் மாணவர் கலை விவாதத்தைக் கேட்பவராக மட்டும் இல்லாமல் அதில் பேசுபவராகவும் ஆவார்.